விடிய விடிய ஒரு தர்க்கம்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வத்தலக்குண்டு வழியாகத்தான் ஏறி இறங்குவார்கள். பெருமாள்மலையில் பிரிந்து, அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கும் பெரியகுளத்துக்கும் இறங்குகிற சாலையைப் பிடித்தால் பழனிமலையின் இன்னொரு முகம் தெரியும். காபியும் மிளகும் வாழையும் கலந்து வளரும் சரிவுகள். அவற்றுக்கு மேலே, பளியர்கள் கொடி ஏணி கட்டி இறங்கித் தேன் எடுத்துவந்த பாறைகள். தேன், சிறுதானியம், யானை, வேடன், காவல் பரண் ஆகிய ஐந்தையும் ஒரு தமிழரிடம் சொல்லி என்ன கதை என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். வள்ளி திருமணம்.

மலையடிவாரத்தில் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்து ஊர்களில் திருவிழா இரவுகளில் இந்த நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்குப் பபூன் வருவார், நடுச்சாமத்தில் வள்ளி வருவார், அதன்பின் வேடன் வேடத்தில் முருகன் வந்து வள்ளியோடு தர்க்கம் செய்வார், கிழவர் வேடத்தில் தேனும் தினைமாவும் கேட்பார், விடியும்போது கல்யாணம். இவ்வளவும் தெரியும். ஆனால் இந்த மேடைக்கு வந்துசேர அந்த ஜோடி எங்கெல்லாம் சுற்றியிருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. பாரிஸில் காப்புரிமை பெற்ற ஒரு பெட்டி, பம்பாய்ப் பார்சிகளின் திரைச்சீலை, தூத்துக்குடியில் உப்புக் கணக்கு எழுதிய ஒருவர், கொழும்புக்குக் கப்பலேறிய இரண்டு இளம் பாடகர்கள் என்று எல்லாரும் கைகொடுத்திருக்கிறார்கள்.

முருகனும் வள்ளியும் சங்க காலத்திலேயே ஜோடி. நற்றிணைப் பாட்டு ஒன்றில் ஒரு தலைவன் தன் காதலியை வள்ளிக்கு ஒப்பிடுகிறான். அங்கே கதை விளக்கம் எதுவும் இல்லை. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். திருமுருகாற்றுப்படையிலும் பரிபாடலிலும் வள்ளி வருகிறாள். பரிபாடலில் தெய்வயானையோடான திருமணமும் பேசப்படுகிறது, வள்ளியோடான களவுக் காதலும் பேசப்படுகிறது. மலையில் தினை காக்கும் பெண், அவளைத் தேடிவரும் வேட்டைக்காரன், தோழியின் உதவி, யாருக்கும் தெரியாத சந்திப்பு என்று அகப்பாடல்களின் குறிஞ்சித்திணையில் ஆயிரம் தலைவிகளுக்கு நடந்ததுதான் வள்ளிக்கும் நடந்தது. அந்த ஆயிரம் பேருக்கும் பெயர் கிடையாது. வள்ளிக்குப் பெயர் உண்டு. அவளுடைய காதலன் தெய்வம்.

இந்தக் கதைக்கு முழு உருவம் கொடுத்தவர் காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார். அவருடைய கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. அசுரர்களோடு அத்தனை போர், அத்தனை படலங்கள். எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக வைத்தது வள்ளியம்மை திருமணப் படலம். சூரனை வென்ற படைத்தலைவன் ஒரு மலைப்பெண்ணின் முன்னால் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வேடம் மாற்றி மாற்றி நிற்கிறான். அதுவும் போதாமல் அண்ணன் விநாயகரை யானையாக வரச்சொல்லிக் கெஞ்சுகிறான். மேடைக்கென்றே எழுதியதுபோல வேடமாற்றங்கள், பயமுறுத்தல், சிரிப்பு எல்லாம் இந்தப் படலத்தில் தயாராக இருந்தன. மேடை மட்டும் வரவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் ஊர் ஊராகப் போய்த் திருப்புகழ் பாடியபோது வள்ளியும் கூடவே போனாள்.

கடல் கடந்தும் போயிருந்தாள். இலங்கையின் தெற்கே கதிர்காமத்தில், வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்று வேடுவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். அங்கே ஆடித் திருவிழாவின் இரவுகளில் நடக்கும் ஊர்வலம் எளிமையானது. முருகன் கோயிலிலிருந்து மூடிய பேழையொன்றை யானைமேல் ஏற்றி, தெருக்கோடியில் இருக்கும் வள்ளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்த் திரும்புவார்கள். காதலன் காதலியைப் பார்க்கப் போகிறான். சிங்களரும் தமிழரும் கூடி நின்று கும்பிடுகிற அந்தத் திருவிழாவின் சாரம் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதே கதைக்கு வேறு ஊர்கள் சொந்தம் கொண்டாடின. வேலூருக்கு வடக்கே வள்ளிமலையில் தினைப்புனம் இருந்தது என்பார்கள், கல்யாணம் திருத்தணியில் என்பார்கள். எங்கெல்லாம் குன்றும் தேனும் இருந்ததோ அங்கெல்லாம் வள்ளிக்கு ஒரு பிறந்தவீடு உண்டு.

18-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் குறத்தி மேடையேறிவிட்டாள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் அவள் தன் மலையின் வளத்தைப் பாடிக்கொண்டு இறங்கிவருகிறாள். தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராக வைத்து எழுந்த குறவஞ்சி பெரிய கோயிலில் நடனமாக ஆடப்பட்டது. மராட்டிய அரசவையில் தமிழ்க் குறத்தி ஆடுகிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அடுத்த திருப்பம் மராட்டியத்திலிருந்துதான் வருகிறது.

1843-இல் சாங்லி சமஸ்தானத்தில் விஷ்ணுதாஸ் பாவே ஒரு சீதை சுயம்வர நாடகம் போட்டார். கன்னடத்து யட்சகானக் கலைஞர்களைப் பார்த்துப் பிறந்த ஆசை அது. பத்தாண்டு கழித்துப் பம்பாயில் பார்சிகள் நாடகக் கம்பெனி தொடங்கினார்கள். இவர்கள் கணக்குத் தெரிந்த வியாபாரிகள். இங்கிலாந்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் திரைச்சீலை, பக்கத் தட்டி, மேடைத் தந்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கதையைப் பாரசீகத்திலிருந்தும் ஷேக்ஸ்பியரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டை இந்துஸ்தானியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட் போட்டு விற்றார்கள். ரயில் பாதை நீள நீளக் கம்பெனிகளும் நீண்டு போயின. 1880-களில் அந்த நாடகங்கள் கொழும்பு வரை போய், சிங்களத்தில் நூர்த்தி என்ற புது நாடக வகையையே பிறப்பித்தன.

தஞ்சாவூருக்கு வந்த மராட்டி நாடகங்களைப் பார்த்துவிட்டு, அதே ஊர் மராட்டியரான கோவிந்தசாமி ராவ் தமிழில் மனமோகன நாடகக் கம்பெனியை நடத்தினார். அவரைப் பார்த்துப் பலர் கம்பெனி தொடங்கினார்கள். நகல் எடுப்பதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. ஒரு கம்பெனியின் பாட்டு மெட்டு மறுமாதம் இன்னொரு கம்பெனியில் கேட்கும். பார்சி மெட்டில் தமிழ்ப் பாட்டு, மராட்டி மெட்டில் ராமாயணம் என்று எல்லாம் நடந்தது. நம் இசை நாடகத்தின் செழுமைக்கு இந்தக் கூச்சமின்மை பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

இதே சந்தடியில் வந்து மேடையோரத்தில் உட்கார்ந்த பெட்டிதான் ஆர்மோனியம். அதன் பயணம் தனிக் கதை. சீனத்தில் ஷெங் என்று ஒரு வாய்க்கருவி உண்டு. மெல்லிய நாக்குத் தகடு காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும். 18-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பியர் கண்ணில் பட, அந்த நாக்கைப் பெட்டிக்குள் வைத்துத் துருத்தியால் ஊதும் முயற்சிகள் நடந்தன. 1842-இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாதிரிமார்களின் வழிபாட்டுக் கூடங்களுக்காக இந்தியாவுக்கு வந்த கருவியைக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையால் துருத்தி போடும் பெட்டியாக மாற்றினார். நம் நாடக மேடைக்காரர்கள் காலால் மிதிக்கும் வகையை விடவில்லை, அதில் இரண்டு கையும் வாசிப்புக்குக் கிடைக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் சுருதி கேட்க வேண்டும், தம்புராவால் அது முடியாது. பிற்காலத்தில் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தது, கமகத்துக்கு ஒத்துவராத அந்நியக் கருவி என்று. தமிழ் நாடக மேடை அந்த உத்தரவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இன்றைக்கும் நம் பாடகர்கள் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று அந்தப் பெட்டியின் கட்டைகளை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

கதை இருந்தது, மேடை வந்தது, பெட்டியும் வந்தது. இவற்றை ஒன்றாகக் கட்டிய கை சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனியில் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். அப்புறம் நாடகத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்களில் நடித்தார், பிறகு எழுத்தும் பயிற்சியுமே வாழ்க்கையாகத் துறவிக்கோலத்தில் ஊர் ஊராகப் போனார். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள். ஒரே இரவில் உட்கார்ந்து அபிமன்யு சுந்தரியை எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

அவர் கையில் வள்ளி திருமணம் என்ன ஆயிற்று என்பதுதான் நமக்கு முக்கியம். கந்தபுராணத்து வள்ளி நாணி நிற்பவள், அதிகம் பேசாதவள். சுவாமிகளின் வள்ளி பேசுகிறாள். நாரதர் வந்தால் நாரதரோடு வாதாடுகிறாள். வேடன் வந்தால், நீ யார், எந்த ஊர், இந்தப் புனத்தில் உனக்கென்ன வேலை என்று கேள்விமேல் கேள்வி. அவன் ஒரு பாட்டு பாடினால் இவளும் பாட்டிலேயே பதில் சொல்கிறாள். நடிகர்கள் அதைத் தர்க்கம் என்றே சொல்வார்கள். எழுதிய பாட்டும் வசனமும் அடித்தளம். அதற்குமேல் எவ்வளவு கட்டுவது என்பது அன்றைக்கு மேடையில் நிற்கும் இருவரின் படிப்பையும் துணிச்சலையும் பொறுத்தது. இத்தனை நூற்றாண்டு அலைச்சலுக்குப் பிறகும் இந்தக் கதை பழசாகாமல் இருப்பது இதனால்தான் என்பது என் கட்சி. ஆணும் பெண்ணும் சமமாக நின்று பேசாவிட்டால் இந்த நாடகம் நகராது. வள்ளி தோற்றால் கல்யாணம் சலித்துப்போகும். முருகன் தோற்றால் கல்யாணமே இல்லை. இருவரும் சளைக்காமல் இருக்க வேண்டும், அதேசமயம் ஒருவர் பாட்டை இன்னொருவர் ரசிக்கவும் வேண்டும்.

1918-இல் மதுரையில் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் கம்பெனியைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். அவருடைய பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின. மலிவுப் பதிப்புகள் அச்சாகி ரயிலடியிலும் திருவிழாக் கடையிலும் விற்றன. யார் வேண்டுமானாலும் வாங்கி மனப்பாடம் செய்து மேடையேறலாம் என்று ஆனது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். அவருடைய வள்ளிக்கும் முருகனுக்கும் ஏற்ற ஜோடி நான்கு ஆண்டு கழித்துக் கிடைத்தது, அதுவும் கடலுக்கு அப்பால்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். சிறுவனாகவே அண்ணன்மார்களோடு மேடைக்கு வந்து, சுவாமிகளின் பயிற்சியையும் பெற்று, கன்னையா கம்பெனியின் தசாவதாரம் போன்ற நாடகங்களில் பெயர் வாங்கியவர். அவருடைய குரல் எட்டிய உச்சத்தைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் கிடையாது. கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையில் ரயிலில் பாடிய சிறுமி என்று அவரைப் பற்றிப் பெரிதும் சொல்லப்படும் கதை உண்டு. வேலு நாயர் கம்பெனியில் சிறுவயதில் சேர்ந்த அவருடைய பெயர், இருபது வயதாகும் முன்பே இலங்கை வரை பரவியிருந்தது.

கொழும்பு அன்றைக்குத் தமிழ் நாடகத்துக்கு நல்ல சந்தை. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வியாபாரத்துக்கும் போன தமிழர்கள் அங்கே நிறைய. நாடகக் காண்டிராக்டர்கள் பேர் போன நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரே மேடையில் சேர்த்துவிடுவார்கள். கம்பெனி கட்டுப்பாடு இல்லாத இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். அப்படி 1926-இல் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொழும்பில் ஜோடியாக நிறுத்தப்பட்டார்கள். நாடகம் வள்ளி திருமணம்.

ஆண் குரலும் பெண் குரலும் மேடையில் மோதும்போது வழக்கமாக ஒரு சிக்கல் வரும். பெண்ணின் சுருதி மேலே, ஆணின் சுருதி கீழே. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். கிட்டப்பா பெண் சுருதிக்கு ஈடான உயரத்தில் பாடக்கூடியவர். சுந்தராம்பாளுக்கு எந்த உயரத்திலும் குரல் கனம் குறையாது. இருவருக்கும் ஒரே சுருதி வைக்கலாம், ஒரே ராகத்தில் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். தினைப்புனத்துத் தர்க்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. வேடன் ஒரு சங்கதி போட்டால் வள்ளி இரண்டு போடுவாள். அவர் தாரஸ்தாயியில் நின்றால் இவர் அங்கேயே போய்ப் பதில் சொல்வார். மேடையில் வாதாடிக்கொண்ட இருவரும் மேடைக்கு வெளியே காதலித்தார்கள். 1927-இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது. தெய்வயானை இருக்க வள்ளியைத் தேடிவந்த கதையை இரவுதோறும் நடித்தவர்களுக்கு ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விந்தையான ஒற்றுமை. அதே 1927 டிசம்பர் 27-ஆம் தேதி நியூயார்க்கில் ஷோ போட் என்ற இசை நாடகம் அரங்கேறியது. அமெரிக்க இசை நாடக வரலாற்றையே அது மாற்றியது என்பார்கள். ஆற்றில் மிதக்கும் நாடகப் படகொன்றில் காதலர்களாக நடிக்கிற மக்னோலியாவும் ரேவனலும் நடிப்பினூடே நிஜமாகவே காதலிப்பதும், மணந்து பிரிவதும் அதன் கதை. அங்கே எழுதி மேடையேற்றிய கதையை இங்கே இரண்டு பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த ஆண்டுகள் சொற்பம். அந்தச் சொற்ப ஆண்டுகளில் தமிழ்நாடும் இலங்கையும் அவர்களுக்காகத் திரண்டன. கிராமபோன் தட்டுகள் நாடகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கும் அந்தக் குரல்களைக் கொண்டுபோயின. வேடன் காட்டைப் பற்றிப் பாடுகிற பாட்டைக் கிட்டப்பாவின் தட்டில் கேட்டுக்கேட்டு அப்படியே பாடிப் பழகிய இளைஞர்கள் எத்தனையோ பேர். பிணக்கும் பிரிவும் நோயும் வந்தன. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றைக்கு உடுத்திய வெள்ளையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. வேறொரு ஆணோடு ஜோடியாக நடிக்கவும் இல்லை.

அந்த 1933-இலேயே வள்ளி திருமணம் பேசும்படமாகவும் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். இவர் சினிமாவுக்கு வந்ததே ஒரு தற்செயல். 1905-இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது, ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் கெட்டுத் தன் கருவியை விற்க, இவர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மனிதர் நோயில் படுத்திருக்காவிட்டால் வின்சென்ட் ரயில்வேயிலேயே ஓய்வு பெற்றிருக்கலாம். படம் எடுக்கப்பட்டது கல்கத்தாவில். வள்ளியாக நடித்தவர் டி.பி. ராஜலட்சுமி, தமிழின் முதல் பேசும்படமான 1931-இன் காளிதாஸில் நாயகி. அந்தப் படத்தோடு சேர்த்துக் காட்டிய துண்டுப் படங்களிலும் அவருடைய குறத்தி நடனம் இருந்தது. ஆகத் தமிழ்த் திரை பேசத் தொடங்கியபோதே குறத்தி ஆடிவிட்டாள்.

இலங்கைக்குப் போன வள்ளிக்கும் முருகனுக்கும் பதிலாக இலங்கையிலிருந்து ஒரு முருகன் கோயில் பழனிமலைக்கு வந்தது. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாதவர்கள் குறைவு. அதை 1936-இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன் என்கிறது கோயில் வரலாறு. பிறப்பால் வெள்ளைக்காரர். சைவத்தைத் தழுவி, இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். கணவர் 1930-இல் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் பெயரில், குறிஞ்சித்திணையின் தெய்வத்துக்கு, அவர் எழுப்பிய கோயில் அது. அதன் பின்புறம் நின்றால் பழனியும் வைகை அணையும் தெரியும். கடைசியாகக் குறிஞ்சி மலைமுழுக்கப் பூத்தது 2018-இல்.

இதற்கிடையே முருகன் வேடத்துக்கு வேறொரு வேலையும் வந்திருந்தது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ், முருகன் வேடத்தில் தேசப்பாட்டு பாடினார். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் காட்சி ஒன்று உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக்கொடுத்த பாட்டில் அந்தப் பறவை வெள்ளைக் கொக்காக மாறியது. எந்த வெள்ளைக் கொக்கு நம் தானியத்தைக் கொத்திப்போகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரர்களுக்கும் புரிந்தது. மீண்டும் மீண்டும் சிறை. 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. ராஜபார்ட் என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து நிற்க வேண்டிய பெயர்களில் அவருடையது ஒன்று. பாடப்புத்தகங்கள் அவருக்கு இன்னும் கடன்பட்டிருக்கின்றன.

1945-இல் ஏ.வி. மெய்யப்பன் ஸ்ரீவள்ளி எடுத்தார். முருகனாக டி.ஆர். மகாலிங்கம். சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் பிறந்து, கிட்டப்பா பாணியில் உச்சக்குரலில் பாடிப் பழகியவர். வள்ளியாகக் குமாரி ருக்மிணி. படம் முடிந்தபிறகு வள்ளியின் பாட்டுகள் முருகனின் பாட்டுகளுக்கு ஈடாக இல்லை என்று தோன்றியது. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே எடுத்த வாயசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார்கள். தமிழில் பின்னணிப் பாட்டு வேரூன்றிய கதையில் இது முக்கியமான ஓர் ஏடு. காரணத்தைக் கவனியுங்கள். இருவரும் ஈடாக இருக்க வேண்டும் என்ற பழைய நாடகச் சட்டம்தான் அந்தத் தொழில்நுட்பத்தைத் தேடவைத்தது. 1961-இல் வந்த வண்ணப்பட ஸ்ரீவள்ளியில் சிவாஜியும் பத்மினியும் ஜோடி. மகாலிங்கம் அதில் நாரதராக வந்தார், முன்பு தான் மணந்த வள்ளிக்குத் தூது போகிறவராக.

சுந்தராம்பாள் என்ன செய்தார்? 1935-இல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார், நாடே வாயைப் பிளந்த தொகை. அதில் அவர் போட்டது ஆண் வேடம், நந்தனாராகவே நடித்தார். மணிமேகலை, ஔவையார் என்று அதன்பின் வந்த படங்களிலும் துறவியும் மூதாட்டியுமே. சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். ஏ.பி. நாகராஜன், தானும் நாடகக் கம்பெனியில் பெண் வேடம் போட்டு வளர்ந்தவர், 1967-இல் கந்தன் கருணை எடுத்தார். முருகனாகச் சிவகுமார், வள்ளியாக ஜெயலலிதா, ஔவையாகக் கே.பி. சுந்தராம்பாள். நாற்பது ஆண்டுக்கு முன் கொழும்பில் தினைப்புனத்து வள்ளியாக முருகனோடு வாதாடியவர், இப்போது வெள்ளைச் சேலையும் விபூதியுமாக அதே முருகனைப் போற்றிப் பாடுகிறார். அந்தக் குரலில் கொஞ்சமும் தளர்ச்சி இல்லை. அந்தக் காட்சியை இந்த நினைவோடு ஒருமுறை பார்க்கும்படி எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். அவர் 1980-இல் மறைந்தார்.

சினிமா இவ்வளவு நகல் எடுத்தும் மூலம் அழியவில்லை. கம்பெனிகள் போய்விட்டன, பார்சித் திரைச்சீலை போய்விட்டது, ஸ்பெஷல் நாடகம் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி என்று நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் தேதி கேட்டு வருவார்கள். ராஜபார்ட், ஸ்திரிபார்ட், பபூன், டான்ஸ் காமிக், நாரதர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று ஆளாளுக்குத் தனித்தனியாக முன்பணம் கொடுப்பார்கள். நோட்டீசில் ஒவ்வொருவர் படத்தோடும் ஊர்ப்பெயர் இருக்கும். ஒத்திகை கிடையாது. மேடை பெரும்பாலும் கோயிலைப் பார்த்து இருக்கும், முதல் பார்வையாளர் அம்மன்தான். முருகனும் வள்ளியும் வேறுவேறு ஊர்களிலிருந்து வந்து, அன்றைக்கு இரவு பவுடர் பூசிக்கொள்ளும் இடத்தில் சந்தித்துக்கொள்வதும் உண்டு. கிட்டப்பாவுக்கும் சுந்தராம்பாளுக்கும் கொழும்பில் காண்டிராக்டர் செய்துகொடுத்த அதே ஏற்பாடு.

ஒத்திகை இல்லாததால் வள்ளி வேடமிடும் ஸ்திரிபார்ட் கலைஞர் தயாராகத்தான் வருவார். திருப்புகழில் கேட்டாலும், குறளில் கேட்டாலும், இன்றைய விலைவாசியைக் கேட்டாலும் பதில் வேண்டும், ராகத்தில் இழுத்தாலும் பதில் வேண்டும். முன்வரிசையில் பாய் விரித்திருக்கும் பெரியவர்களுக்குச் சுவாமிகளின் பாட்டுகள் மனப்பாடம், ஓரடி தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னால் புருஷன் பெண்டாட்டியாக வந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு கட்சி கட்டுவார்கள், அவள் வள்ளி பக்கம், அவர் முருகன் பக்கம். இப்போது யாராவது ஒருவர் செல்போனில் முழுத் தர்க்கத்தையும் பிடித்து யூடியூபில் போட்டுவிடுகிறார், சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து பார்க்கிறார்கள். அதற்குள் மேடையில் மணி இரண்டாகி, வேடன் போய்க் கிழவர் வந்திருப்பார். பசிக்கிறது என்பார். தேனும் தினைமாவும் கொடுத்துவிட்டு, விக்கல் எடுக்கிறது என்று சொல்லும் கிழவரிடம் வள்ளி தண்ணீருக்கு முன்னால் இன்னும் நாலு கேள்வி கேட்பார்.